ஈஆர்பி மென்பொருள் போடுவதற்கு முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஊரில் பட்டறை, காரைக்குடியில் கடை, மதுரையில் குடோன். மூன்றின் இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் (அதுதான் ஈஆர்பி) கொண்டுவர நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

விற்கிறவர் காட்டும் டெமோவிலிருந்து தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித் தொடங்கி எட்டு மாதத்தை இழந்தோம்.

என் மாமாவுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை; கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல், நாங்கள் 'கல்' என்றே சொல்வோம். கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. திரையில் காட்டியதெல்லாம் அழகாக இருந்தது, பணத்தைக் கட்டினோம். முதல் மாதமே, கடையில் இருந்த பையன் இருப்பைப் பார்த்துவிட்டு, தேவகோட்டையில் வீடு கட்டுகிறவரிடம் "நாளைக்கே 300 சதுர அடி வந்துடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கல் இருந்தது, ஆனால் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு எடுக்கும் கல் காய வேண்டும், பிறகு சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். "ஊறுற கல்லை எப்படித் தம்பி வண்டியில ஏத்துறது?" என்றார் மேஸ்திரி. மென்பொருள் மேல் குற்றமில்லை. 'ஊறுகிறது' என்று ஒரு நிலை இருப்பதை நாங்களே எங்கும் எழுதி வைத்ததில்லை.

அதனால் முதல் வேலை இது: ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, போன் வந்த நிமிடத்திலிருந்து பணம் வரவாகும் வரை அதன் பின்னாலேயே நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் யார் எழுதுகிறார், எந்த நோட்டில், அடுத்து யாரிடம் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாளியைக் கேட்காதீர்கள். வேலை செய்கிறவரைக் கேளுங்கள். லாரியில் உடையும் என்று லோடு ஏற்றுகிறவர் கூடுதலாகப் பத்துக் கல் வைப்பது எங்கள் மாமாவுக்கே தெரியாது. வருடக் கடைசியில் இருப்பு ஏன் குறைகிறது என்பது அன்றுதான் புரிந்தது.

அடுத்தது பெயரும் அளவும். பாதி உழைப்பு இதில்தான் போகும், போகட்டும். பட்டறையில் 'தாமரை' என்ற கல், கடை பில்லில் 'நம்பர் 14', மதுரையில் 'பெரிய பூ'. அச்சுக்கு ஒரு கல் வீதம் மாமா வீட்டு வளவில் வரிசையாகப் பரப்பி, மூன்று இடத்து ஆட்களையும் வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் முடிவு செய்தோம். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில், எந்தக் கடையிலிருந்து ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் காட்டும் கணக்குச் சுருக்கம்) வந்தாலும் இங்கே ஊரில் இருந்த முதலாளி வாசித்துவிடுவார். எல்லாக் கடையிலும் பேரேடு எழுதும் முறை ஒன்றாக இருந்ததுதான் காரணம். நம் ஊர் வியாபாரத்துக்கு இது புதிய பாடமே இல்லை.

அளவில் எங்களுக்கு விழுந்த அடி பெரியது. வாங்குகிறவர் சதுர அடியில் கேட்பார், கூலி கல் கணக்கில் போகும். 100 சதுர அடிக்கு 12 அங்குலக் கல் 100 போதும். 10 அங்குலம் என்றால் 144, 8 அங்குலம் என்றால் 225. இருப்பைக் கல் எண்ணிக்கையிலேயே வைத்து, பில் போடும்போது மட்டும் சதுர அடிக்கு மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கல் எந்தக் கலவையில் வார்த்தது என்று காட்டும் கலவை எண்ணும் எங்களுக்குத் தேவைப்பட்டது. ஒரே ஹாலுக்கு இரண்டு கலவைக் கல் போனால் நிற வேறுபாடு வெளிச்சத்தில் தெரிந்துவிடும். உங்கள் தொழிலில் இதற்கு இணையானது என்ன என்று யோசியுங்கள்.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) வேண்டும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு, சரக்கு மதிப்பு வரம்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய். பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் மென்பொருள்தான் வேண்டும், 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

எந்த மென்பொருள், டாலியா, ஓடூவா, ஈஆர்பிநெக்ஸ்டா என்ற கேள்விக்கு இவ்வளவும் கையில் இருந்தால் விடை சீக்கிரம் கிடைக்கும். உங்கள் ஆர்டர் நடந்த வழியைக் காகிதத்தில் கொடுத்து, உங்கள் சரக்கை வைத்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் அதிகாரத்தோடு உங்கள் ஆள் ஒருவர் இதற்கென்றே இருக்க வேண்டும். விற்கிறவரின் ஆள் அந்த இடத்தை நிரப்ப முடியாது. நாங்கள் இரண்டாம் முறை மேஸ்திரியின் மகளை அமர்த்தினோம். பி.காம் படித்தவள், பட்டறையில் வளர்ந்தவள். ஏப்ரல் 1 அன்று மாறினோம். முந்தின நாள் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் கல்லை எண்ணினோம், தொட்டிக்குள் இருந்ததையும் சேர்த்து. பழைய நோட்டை மே மாதக் கடைசி வரை கூடவே எழுதினோம்.