உப்பில்லா விரதமும் லித்தியம் மாத்திரையும்

வணக்கம்ங்க. என் தம்பிக்கு பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்). மூன்று வருசமாக ராத்திரி லித்தியம் 300 மி.கி. மூன்று மாத்திரை. தறிப்பட்டறை வேலை. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதாக (தீமிதி) வேண்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு 15 நாள் உப்பில்லாமல் ஒருவேளைச் சோறு. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறான். விரதம் முடியும்வரை லித்தியத்தை நிறுத்தலாம் என்கிறார் அம்மா. சரிங்களா?
எஸ்., சோமனூர்

அன்புள்ள எஸ்.,

நிறுத்த வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் மேனியா (மனநிலை மிகையாக ஏறும் கட்டம்) திரும்பி வரலாம். விடவேண்டியது உப்பில்லா விரதத்தைத்தான்.

சிறுநீரகம் லித்தியத்தையும் ஏறக்குறைய சோடியத்தைப் போலவே நடத்தும். உப்பு குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியமும் தங்கிவிடும். மாத்திரை அதே மூன்றுதான். ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5 தாண்டினால் விஷம். இடைவெளி அவ்வளவுதான். பங்குனி வெயிலில், சிமென்ட் அட்டைக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுபவருக்கு வியர்வையிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

டீ டம்ளர் லேசாகத் தளும்புகிற நடுக்கம் பலருக்கும் உண்டு. சட்டைப் பொத்தான் போடமுடியாத நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

அந்த இடுப்புவலி மாத்திரையைப் பாருங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரோபன், அசிக்ளோபினாக் எல்லாமே லித்தியத்தை ஏற்றும். அட்டையில் பாரசிட்டமால் என்றிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பலவற்றில் அசிக்ளோபினாக்கும் சேர்ந்தே வரும். தனிப் பாரசிட்டமால் கேட்டு வாங்குங்கள். பிரஷர் மாத்திரை யாராவது எழுதினாலும் லித்தியம் போடுவதை முதலில் சொல்லவேண்டும்.

வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம். கவிச்சியை விடட்டும், செருப்பை விடட்டும். காபியை மட்டும் விடவேண்டாம். அது திடீரென நின்றாலும் லித்தியம் ஏறும் (இதை யாரும் சொல்வதில்லை). உப்பு வழக்கம்போல இருக்கட்டும், அதிகமாகப் போட்டால் அளவு இறங்கிவிடும். தண்ணீர் தாராளமாக. ஒருவேளைச் சோற்றையும் குண்டத்தையும் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேண்டுதல் தொடங்கும் முன் ஒரு லித்தியம் டெஸ்ட் எடுங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும்: ராத்திரி 9 என்றால் காலை 9. லேபில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தடவிய குழாயை எடுத்தால் தடுத்துவிடுங்கள். அதில் லித்தியம் ஹெப்பாரின் என்று ஒரு வகை உண்டு, குழாயிலிருக்கும் லித்தியமும் சேர்ந்து கணக்காகிவிடும்.