ஆக்‌ஷன், அறிவியல் புனைவு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களை எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள்? முதலில் எதைப் பார்க்கலாம்?

பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். சண்டைக் காட்சியின் விறுவிறுப்பு ஒன்றுக்கே விமர்சனங்கள் மதிப்பெண் தருகின்றன என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. மேலூரை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மாணவர்களோடு இத்தொடர்களைப் பற்றி அடிக்கடி பேசுவதுண்டு. ஒரு தொடர் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள் சண்டையின் உச்சத்திலும் மீறப்படாமல் நிற்கின்றனவா என்பதையே நான் முதலில் கவனிப்பேன்.

ஹிடியாகி அன்னோ இயக்கத்தில் 1995இல் வந்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரில், எவா என்னும், ஆள் உள்ளிருந்து இயக்கும் பேருருவப் போர் இயந்திரம், மின்வடம் அறுந்தால் 5 நிமிடங்களுக்கு மேல் இயங்காது. 6ஆவது பகுதியில் ஒரே துப்பாக்கிக்காக ஜப்பான் முழுவதன் மின்சாரமும் திருப்பப்பட, ஊர் ஊராக விளக்குகள் அணைகின்றன. அந்தப் பதைபதைப்பு முழுவதும் விதியிலிருந்து பிறப்பது. ஆயினும் கடைசி இரண்டு பகுதிகள் கதையை விட்டு நாயகனின் மனத்துக்குள் இறங்கிவிடுவதால், புதியவர்களுக்கு இதை முதலில் தரமாட்டேன்.

ஷினிசிரோ வதனபேயின் ‘கௌபாய் பீபாப்’ (1998) தொடரில் சண்டைக்கு விலை உண்டு. குற்றவாளியைப் பிடித்துப் பெறும் பரிசுப் பணம், உடைத்தவற்றுக்கான இழப்பீட்டிலேயே கரைந்துபோகிறது. யோகோ கன்னோவின் ஜாஸ் இசைக்காகவே இதைப் பார்க்கலாம்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘பிளானடெஸ்’. மகோடோ யுகிமுராவின் மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) தழுவி, கோரோ தனிகுச்சி இயக்கத்தில் 2003இல் தொடங்கி 26 பகுதிகளாக வந்த இத்தொடர், 2075இல் பூமியின் சுற்றுப்பாதையில் குப்பை அள்ளுவோரின் கதை. தொடக்கத்திலேயே ஒரு சிறு திருகாணி பயணிகள் விண்கலத்தின் சன்னலில் மோதிப் பேரழிவை உண்டாக்குகிறது. இது மிகையன்று. தாழ்வான சுற்றுப்பாதையில் பொருட்கள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கின்றன. இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. பிளஸ் ஒன் வகுப்பில் அந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். துண்டுகள் மோதி மேலும் துண்டுகளாகப் பெருகும் ஆபத்தை நாசா அறிவியலாளர் டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்தார்.

அழகர் ஆற்றில் இறங்கிச் சென்ற பின் வைகைக்குள் நின்று குப்பை வாரும் தூய்மைப் பணியாளர்களைப் போல, நிறுவனத்தில் யாரும் பொருட்படுத்தாத, போதிய ஆளில்லாத ஒரு பிரிவு இந்த விண்வெளிக் குப்பை அள்ளுவோருடையது. அவர்கள் கைவிட்டால் வேறு எவரும் பறக்க முடியாது என்பதைத் தொடர் உரக்கச் சொல்லாமல் காட்டிவிடுகிறது. முதல் சில பகுதிகளில் அலுவலக வேடிக்கை சற்று நீள்கிறது, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 11ஆவது பகுதியில், எல் தனிகா என்னும் கற்பனையான ஏழை நாட்டின் பொறியாளர் ஒருவர், தாம் உருவாக்கிய விண்வெளி உடையைச் சோதித்துப் பார்க்கும்படி நிறுவனத்தை நாடி வருகிறார். துப்பாக்கியே தேவைப்படாத அந்தச் சோதனைக் காட்சியின் பதற்றத்தை நான் வேறு எந்த ஆக்‌ஷன் தொடரிலும் உணர்ந்ததில்லை.

தம்பி அந்தப் பகுதி வரையாவது பார்க்கட்டும். பிடித்திருந்தால், அடுத்து கென்ஜி கமியாமாவின் ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ (2002) தொடரைக் கொடுங்கள். நினைவையே ஊடுருவி மாற்ற முடியும் என்றால் சாட்சியத்தை எப்படி நம்புவது என்று கேட்கும் தொடர் அது. உரையாடல் அடர்த்தி மிகுந்தது என்பதால் ஓர் இரவில் ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம்.