சேலத்தில் ஏஐ துணையோடு கோடிங் கற்றுத்தரும் ஸ்டார்ட்அப் தேறுமா?

மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஏஐ துணையோடு நிரல் எழுதக் கற்றுத்தரும் ஸ்டார்ட்அப் சேலத்தில் தேறுமா, ஐந்து ரோடு பக்கம் இடம் எடுக்கலாமா, அல்லது ஏற்காட்டில் பத்து நாள் தங்கிப் படிக்கும் முகாமாக நடத்தலாமா. நீங்கள் பெங்களூரில் எட்டுப் பத்து வருடமாக வேலை பார்ப்பவர், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, அம்மா அப்பா ஊருக்கு வந்துவிடச் சொல்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். ஆனால் ‘சின்ன நகரங்களில் பெரிய சந்தை காலியாகக் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைச் சேலத்தில் இருந்துகொண்டு யாரும் எழுத மாட்டார்கள்.

அந்தக் காலி இடத்தில் கடை விரித்துப் பார்த்தவன் நான். அதனால்தான் இந்தப் பதில்.

‘ஏஐ பிடிக்காத பழைய ஆள் புலம்புகிறார்’ என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். என் மையத்தின் வருகைப் பதிவும் கட்டண ரசீதும் அதை வைத்து எழுதிய நிரலில்தான் ஓடுகின்றன. எனக்கு அதன் மீது கோபம் இல்லை.

சூரமங்கலத்தில் 1999 முதல் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். அதற்கு முன் அதே அறையில் அப்பா தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார். லோயர், ஹையர் தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்வார். என் காலத்தில் விஷுவல் பேசிக் வந்தது, போனது. ஜாவா வந்தது, பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிந்தது டேலி என்ற கணக்கு மென்பொருளால்தான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, வகுப்பில் நாற்காலி போதாமல் பக்கத்து டீக்கடையில் பெஞ்சு கடன் வாங்கினேன். லீ பஜார் மண்டிக்காரருக்குக் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு டேலி தெரிந்திருக்க வேண்டும். கட்டாயம் இருந்தது, காசு வந்தது. உங்கள் ஐடியாவில் நான் முதலில் தேடுவது அந்தக் கட்டாயத்தைத்தான். ஏஐயில் கோடிங் தெரியாவிட்டால் நாளைக் காலையில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதை என்னிடமே நான் கேட்டுக்கொள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கார்பதி ‘வைப் கோடிங்’ என்றொரு பெயரைச் சூட்டியதும், நிரலைப் படிக்காமலே சொல்லிச் சொல்லிச் செயலி செய்யலாம் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஜூனில் நானும் தட்டி வைத்தேன்: எட்டு சனிக்கிழமை, கட்டணம் 6,000 ரூபாய், ‘உங்கள் செயலியை நீங்களே செய்யுங்கள்’. பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் வேலை தேடும் பொறியியல் பட்டதாரிகள். மீதி ஐந்து பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு தொழிலில் இருப்பவர்கள்.

கணக்கையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். இந்த ஏஐ கருவிகளில் பலவற்றுக்கு அப்போது ஆளுக்கு மாதம் 20 டாலர். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,400 ரூபாய் ஆயிற்று. நான் வாங்கிய 6,000இல் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயிற்று. மிச்சத்தில் வாடகை, கரன்ட், இணையம். மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த கருவிகளும் உண்டு, கிட்ஹப் கோபைலட் அப்போது அப்படிக் கிடைத்தது. ஆனால் படிப்பு முடித்துவிட்டவரை மாணவர் என்று காட்ட முடியாது. நீங்கள் பெரிதாக நடத்தி ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைப் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

முதல் நாள் நாற்பது நிமிடத்தில் பதினான்கு திரையிலும் பதினான்கு செயலிகள். கை தட்டினார்கள். இருபத்தைந்து வருடத்தில் என் வகுப்பில் யாரும் கை தட்டியதில்லை. எனக்கும் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஐவரில் ஒரு தம்பி, செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகன். கொலுசுத் தொழிலில் முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், தொழிலாளி வேலை முடித்து எடை போட்டுத் திருப்புவார், சேதாரம் இவ்வளவு என்று பேச்சு இருக்கும், மிச்சத்துக்குக் கூலி. நீளவாக்கு நோட்டில் காலங்காலமாக ஓடும் கணக்கு. தம்பி மூன்றாம் வாரமே அதைச் செல்போனுக்குக் கொண்டுவந்துவிட்டான். அழகான திரை, தமிழில் பொத்தான்கள். நான் அதை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினேன். அந்த வாரமே பட்டறையில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நான் அதன் உள்ளே ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா போன் செய்தார். “சார், கொஞ்சம் பட்டறை வரைக்கும் வர முடியுமா? தம்பி போட்ட கணக்கில் முந்நூறு கிராம் வெள்ளி குறைகிறது.” அன்றைய விலைக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும்.

போனேன். குறைந்த முந்நூறில் எழுபது கிராமுக்கு மேல் ஒரே ஆளின் பெயரில் நின்றது. இருபது வருடமாக அங்கே வேலை செய்பவர். முதலாளி நேரடியாக ஒன்றும் கேட்கவில்லையாம், ஆனால் இரண்டு நாளாக அவர் போகும்போது சட்டைப்பையைப் பார்த்திருக்கிறார். அதை அந்தத் தொழிலாளியும் பார்த்திருக்கிறார்.

பத்து நிமிடம்தான் ஆயிற்று. நிரலைத் திறந்து படித்தேன். திருப்பும் எடையை வாங்குகிற இடத்தில் ‘இன்ட்’ என்று இருந்தது. அதாவது, எடையை முழு எண்ணாக்கி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். கொடுக்கும் வெள்ளி 250, 500 என்று முழுசாக இருக்கும், அதில் ஒன்றும் குறையாது. திரும்பும் கொலுசு 247.68 என்று வரும். 247 என்று பதிவாகும். ஒரு பதிவுக்குச் சராசரி அரை கிராம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து பதிவு, நான்கு வாரம், அறுநூறு பதிவு. முந்நூறு கிராம் வெள்ளியும் பட்டறையிலேயே இருந்தது. அதிகப் பதிவு யார் பெயரில்? அதிக வேலை செய்தவர் பெயரில்.

இதில் ஏஐயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி அதனிடம் ‘எடை கிராமில் வரும்’ என்று சொல்லி மாதிரிக்கு 500, 250 என்று கொடுத்திருந்தான். முழு எண் போதும் என்று அது எடுத்துக்கொண்டது. சரிபார்க்கும் சோதனையையும் அதையே எழுதச் சொல்லியிருந்தான்; அது 500 போட்டால் 500 வருகிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டியிருந்தது. பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று தராசைப் பார்த்த எவனும் புள்ளி இருக்கிறதே என்று கேட்டிருப்பான். தம்பி பிறந்ததிலிருந்து அந்தத் தராசைப் பார்ப்பவன். அவனுக்குத் தெரியும். அந்த வரியை அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் கற்றுத்தரவில்லை.

முதலாளி அந்தத் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டார், என் முன்னால்தான் கேட்டார். அவர் “பரவாயில்லைங்க” என்றார். தீபாவளிக்குப் பிறகு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

மறு சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். இனி ஒவ்வொரு வாரமும் முதல் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் உருவாக்கப் போவதில்லை, நான் தப்போடு கொடுக்கும் நிரலைப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காக மேலும் ஆறு வாரம் நடத்துகிறேன், அதற்குப் பணம் வேண்டாம் என்றேன். பணம் வேண்டாம் என்று சொல்லியும் ஒன்பது பட்டதாரிகளில் ஒருவரும் வரவில்லை. இருவர் சான்றிதழ் மட்டும் கேட்டுப் போன் செய்தார்கள். ஒருவரின் அப்பா, கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரச் சொன்னார், கொடுத்துவிட்டேன். தொழிலில் இருந்த ஐந்து பேரும் வந்தார்கள். கொலுசுத் தம்பி, ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர், அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஓர் அம்மா, தையல் கடைக்காரர் ஒருவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து எழுத்தர் ஒருவர்.

‘உங்கள் மாணவர்கள் திருப்தியாக இருந்தார்களா, மதிப்பீட்டுப் படிவம் வாங்கினீர்களா?’ என்று கேட்பீர்கள். வாங்கினேன். ஐந்துக்கு ஐந்து. அது செல்லாது என்பதற்கு என் பட்டறைக் கதை போதாதென்றால் இன்னொன்று. 2025 ஜூலையில் மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, திறந்த மூலத் திட்டங்களில், அதாவது நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும் திட்டங்களில், பழம் தின்று கொட்டை போட்ட 16 நிரலாளர்களை வைத்து 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. ஆனால் எல்லாம் முடித்த பிறகும், தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நினைத்தார்கள். பதினாறே பேர்தானே, கருவிகள் அதன்பின் மாறிவிட்டனவே என்று சண்டைக்கு வர வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கே தங்கள் வேகம் தெரியவில்லை என்றால், எட்டு வாரம் படித்தவர் போடும் ஐந்து நட்சத்திரத்தை முதலீட்டாளரிடம் காட்டி என்ன பயன் என்பதுதான் என் கேள்வி.

கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம், ஒரு நாள் பயிலரங்கத்துக்கு அழைத்தார்கள். எட்டாயிரம் பேசினார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய், முதல்வர் வரும் வரை பத்தரை மணி வரைக்கும் காத்திருந்தேன். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மரத்தில் ஒரு நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். எட்டாயிரம் இன்னும் வரவில்லை. கணக்குப் பிரிவைக் கேட்டால் துறைத் தலைவரைக் கேளுங்கள் என்பார்கள், துறைத் தலைவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்படி என் பீரோவில் பதினொரு பொன்னாடைகள் இருக்கின்றன. அவற்றைத் துணியாக வெட்டி எதற்கும் பயன்படுத்த முடியாது, வியர்வையை உறிஞ்சாது, ஜரிகை குத்தும். ஒரு மனிதனுக்கு வருடத்தில் எத்தனை பொன்னாடை தேவை? அந்தத் துணிக்கான காசையாவது கவரில் போட்டுக் கொடுத்தால் என்ன? சரி, விடுங்கள்.

உங்கள் ஐடியாவுக்கு வருகிறேன். வேலை தேடுபவர்களை நம்பி நடத்தினால் நீங்கள் விற்பது சான்றிதழ். அதை உங்களை விடச் சின்னத் தொகைக்கு விற்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கருவியை இயக்கக் கற்றுத்தருவது பாடமே ஆகாது, அது இணையத்தில் சும்மா கிடைக்கிறது, மூன்று மாதத்தில் திரையே மாறிவிடுகிறது. படிக்கவும் சரிபார்க்கவும் கற்றுத்தரலாம், அதற்குத் தேவை நிஜமாக இருக்கிறது. ஆனால் ஒரு தடவை வெள்ளி குறைந்த பிறகுதான் அதற்குக் காசு எடுப்பார்கள். ஆகவே மாணவரைத் தேடாமல் கணக்கைத் தேடுங்கள். செவ்வாய்பேட்டை, லீ பஜார், ஆத்தூர் ஆலைகள் என்று ஒரு மாதம் சுற்றி, தாங்களே செய்த அல்லது யாரோ செய்து கொடுத்த நிரலை நம்பாமல் பக்கத்தில் நோட்டும் எழுதிக்கொண்டிருக்கும் பத்துப் பேரைப் பிடியுங்கள். முன்பணம் தருகிறார்களா பாருங்கள். நான்கு பேர்கூடத் தராவிட்டால் பெங்களூர் வேலையை விட வேண்டாம். என் கணிப்பு நான்கு பேர் தருவார்கள், பத்துப் பேர் தர மாட்டார்கள். அதில் ஒரு வகுப்பு நடத்தலாம். முதலீட்டாளர் வாங்கும் அளவுக்கு ஸ்டார்ட்அப் ஆகுமா என்றால், எனக்குத் தோன்றவில்லை. நான் தவறாக இருந்தால் சந்தோஷம்.

ஐந்து ரோடு வேண்டாம். வாடகையே உங்களைத் தின்றுவிடும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது.

ஏற்காடு பற்றி அந்தக் காப்பித் தோட்டத்து எழுத்தரிடமே கேட்டேன். ஆள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, காப்பி பறிக்கும் கூலிக் கணக்கை மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு உட்காருபவர். “மே மாதம் கோடை விழாவில் அறை கிடைக்காது சார், மழைக்காலத்தில் கரன்ட் இருக்காது. வருபவர்கள் படகில்தான் உட்காருவார்கள், வகுப்பில் உட்கார மாட்டார்கள்” என்றார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, அந்த வாரம் நான் கொடுத்த நிரலில் இரண்டு தப்பை மட்டும் குறித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். மூன்று வைத்திருந்தேன். மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் சொன்னார்.