சீனியருக்கு வந்த ரிசல்ட் எனக்கு வரவில்லை

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மதுரையில் புற்றுநோய் உயிரியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. ஒரு மூலிகைச் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று சீனியர் காட்டிவிட்டுப் போனார். அதைத் தொடர்வதுதான் என் வேலை. எத்தனை முறை செய்தாலும் செல்கள் சாகவில்லை. "உனக்குக் கைப்பக்குவம் போதாது" என்கிறார் கைடு. "எப்பதான் முடியும்?" என்கிறார் அப்பா. விட்டுவிடலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக விட வேண்டாம்.

கைடு சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் என்ற நொதியில் கூடுதல் நேரம் விட்டால் செல் அடிபடும். சரியாகக் கலக்காமல் ஊற்றினால் சோதனைப் பிளேட்டின் ஒரு குழியில் கூட்டம், அடுத்த குழி வெறிச்சென்று கிடக்கும். பிளேட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகிக் கணக்கே மாறிவிடும். ஆனால் கை சரியில்லை என்றால் பெரும்பாலும் எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வரும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது என்றால் பழியை எளிதில் கையின்மேல் போட முடியாது.

நீங்கள் செய்வது எம்.டி.டி. சோதனை என்றே நினைக்கிறேன். மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. சாகாமல் சோம்பிக் கிடந்தாலும் ஊதா குறையும். மூலிகைச் சாற்றில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் செல்லே இல்லாமல் சாயத்தை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த செல்லும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். சீனியர் சாற்றை வடித்துக் கழுவிவிட்டுச் சாயம் ஊற்றினாரா, அப்படியே ஊற்றினாரா? அவருடைய நோட்டைப் புரட்டுங்கள். ஒரு வரிசையில் செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் வைத்துப் பாருங்கள். சாறு கரைத்த டி.எம்.எஸ்.ஓ.வுக்குத் தனி வரிசை கட்டாயம். கூடவே டிரைபன் புளூ என்ற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுங்கள். செத்த செல் நீலமாக நிற்கும்.

அப்புறம் அந்த மூலிகை. அவர் சிறுமலையில் பறித்து, நீங்கள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருந்தால் இரண்டும் ஒரே சரக்கு என்று யார் சொன்னது? பறித்த பருவம், காயவைத்த விதம், வடித்த கரைப்பான் எல்லாமே சாற்றை மாற்றும். அவருடைய பழைய சாறு ஃப்ரீசரில் மிச்சம் இருந்தால் உங்கள் சாற்றோடு ஒரே பிளேட்டில் வைத்துப் பாருங்கள்.

செல்லையும் நம்பிவிடாதீர்கள். எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்றே உலகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல் என்று பிறகு தெரியவந்தது. உங்கள் செல்லுக்கு எஸ்.டி.ஆர். டி.என்.ஏ. சோதனை செய்து அடையாளத்தை உறுதிப்படுத்துங்கள். இல்லையென்றால் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து புதிதாக வாங்கச் சொல்லிக் கேளுங்கள். மைக்கோபிளாஸ்மா சோதனையும் வேண்டும். அந்தக் கிருமி, செல் வளரும் திரவமான மீடியத்தைக் கலங்கவைக்காமல் உள்ளேயே குடியிருந்து ரிசல்ட்டைக் கெடுக்கும். ஆன்டிபயாடிக் இல்லாத மீடியத்தில் சில நாள் வளர்த்த பிறகு மாதிரி எடுங்கள்.

கைடிடம் போகும்போது "சார், வரவில்லை" என்று நிற்க வேண்டாம். அந்தப் பிளேட்டுகளோடு போய், "சாறு மட்டுமே இவ்வளவு ஊதா தருகிறது சார், அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அதன் பிறகும் அவர் சீனியர் எண்ணையே எதிர்பார்த்தால், செமஸ்டர்தோறும் கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில் அதே தரவை வையுங்கள். எண்ணைத் திருத்தி ஒத்துப்போகவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். புற்றுநோய் ஆய்வில் ஒருவர் எழுதியதை நம்பித்தான் அடுத்தவர் எலிக்கும், அப்புறம் மனிதருக்கும் போகிறார்.

அப்பாவுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை தரலாம். நீங்கள் தாமதமாகவில்லை. ஆனால் ஃபெலோஷிப் வாங்குபவராக இருந்தால் அது எந்த மாதம் முடிகிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) இரண்டும் சேர்ந்தே பொதுவாக 5 ஆண்டுதான் வரும்.