ஆயுதக் கிளர்ச்சிகளில் சில ஜெயிப்பதும் சில தோற்பதும் எதனால்? முனைவர் பட்டத்துக்கு இதை எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். தலைவன், கொள்கை, துப்பாக்கி என்று அத்தியாயம் பிரிக்காமல் அரிசியில் தொடங்குங்கள். முதுகலை முடித்துத் தலைப்புக்கு அலைகிறவர் போலத் தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு கருத்தரங்கில், மலாயாவில் (இன்றைய மேற்கு மலேசியா) பிரிட்டிஷாரை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளின் தோல்வி பற்றிப் பேசினேன். மேடையில் இருந்த பேராசிரியர் ஒருவர், "காரைக்குடிப் பக்கமா? வட்டிக் கணக்கு எழுதுங்க தம்பி, கெரில்லாப் போர் உங்களுக்கு எதுக்கு?" என்றார். கூட்டமே சிரித்தது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) கொண்டுவிக்கப் போய், அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போய், மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம்) அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளாக) இருந்தவர். 1952-இல் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதத்தில் நலம் விசாரித்த கையோடு ஒரு புலம்பல்: மீன் டின் வாங்கினால் கடைக்காரனே ஓட்டை போட்டுத்தான் தருகிறான், இரண்டு நாள் வைத்துச் சாப்பிட வழியில்லை. ஓட்டை விழுந்த டின் கெட்டுப்போகும், காட்டுக்குள் கடத்த முடியாது, அவ்வளவுதான் காரணம். சில ஊர்களில் அரிசியைக்கூடச் சோறாக வடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டோரம் குடியிருந்த சீனர்கள்தான் மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் ஆட்களுக்குச் சோறும் சேதியும் கொடுத்தவர்கள். 1950-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த பிரிக்ஸ் திட்டம் சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்துவிட்டது. கட்சியில் பெரும்பாலும் சீனர்கள், மலாய்க்காரர்கள் பெரிதாகச் சேரவில்லை. 1957-இல் சுதந்திரமும் வந்துவிட்டதால் வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போனது. வியட்நாமில் கதை வேறு, 1949-க்குப் பிறகு வடக்கு எல்லையில் செஞ்சீனா இருந்தது, அந்தக் கதவைப் பிரெஞ்சுக்காரர்களால் சாத்த முடியவில்லை.

ஜனங்களைப் பிரித்தால் கிளர்ச்சி சாயும் என்பதற்கு மலாயா வரை போக வேண்டாம், 1801-இல் நம் சிவகங்கையைப் பாருங்கள். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கம்பெனிப் படை ஒரு மாதம் பாடுபட்டது, முடியாமல் ஒக்கூருக்குத் திரும்பியது. அதுவரை மருதிருவர் கைதான் ஓங்கியிருந்தது. அப்புறம் கர்னல் அக்னியூ கோடரியை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். பழைய அரச வம்சத்து உறவான படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு வாரிசாக முடிசூட்டினார்கள். ராஜ விசுவாசத்தில் நின்ற ஜனங்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது, 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு.

உடனே சண்டைக்கு வராதீர்கள். மருதிருவர் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை, வருஷா வருஷம் காளையார்கோவில் போகிறவன் நான். வீரம் இருந்தும் ஏன் தோற்றார்கள் என்பதுதானே உங்கள் கேள்வி? அதேபோல "செட்டிநாட்டுக்காரன், கம்யூனிஸ்ட் தோற்றால் சந்தோஷப்படுவான்" என்று கிளம்புகிறவர்களுக்கு: எங்கள் ஐயாவுக்கு இரண்டு பக்கமும் பயம், வசூலும் போச்சு.

சரி, மூலத்துக்கு எங்கே போவது? கிட்டங்கிக் கடிதங்களிலும் பேரேடுகளிலும் எந்த மாதம் எந்த எஸ்டேட்டில் பணம் நின்றது என்று பார்த்தாலே காட்டுக்காரர்கள் எங்கே பலமாக இருந்தார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் அவை கிடைக்க வேண்டுமே! கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததெல்லாம் சென்னைக்குப் போனதால் பிழைத்தது. மற்ற வீடுகளில் பங்காளிகள் கூடி வளவை (பூர்வீகப் பெரிய வீட்டை) இடித்துப் பிரித்து விற்கிறார்கள், பர்மா தேக்குத் தூணுக்கு ஒரு விலை, பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒரு விலை, பேரேடு மட்டும் எடைக்கு. எங்கள் வீட்டிலேயே நான் வெளியூரில் இருந்த சமயம் பேரேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பெரியப்பா மகன் சொன்னது, "கரையான் வருதுப்பா." தூணுக்கு மட்டும் கரையான் வராதாக்கும்!