வாசகர் கேள்வி – பதில்: கிராஷ் டம்ப்புக்கு எவ்வளவு மெமரி?

கேள்வி: எங்கள் ரப்பர் ஷீட் கொள்முதல் கடையில் பில்லிங் சர்வர் உபுண்டுவில் ஓடுகிறது, ரேம் 8 ஜிபி. அடிக்கடி கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமான கெர்னல் பிழையால் நின்றுபோவது) வருவதால், விழும் நேரத்து மெமரியைக் கிராஷ் டம்ப் கோப்பாகச் சேமிக்கும் கேடம்ப் நிறுவி 128 எம்பி ஒதுக்கினோம். அடுத்த பேனிக்கில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று திரையில் வரிகள் ஓடி, ரீபூட் ஆகிவிட்டது. டம்ப் வந்து சேர வேண்டிய /வார்/கிராஷ் காலி. 8 ஜிபி இருந்தும் எப்படிப் போதாமல் போகும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அப்போது ஓடுவது வேறு கெர்னல். பேனிக் ஆனதும், பயாஸ் பக்கம் போகாமலே, கேஎக்செக் (ஓடும் கெர்னலிலிருந்து நேரே இன்னொன்றுக்குத் தாவும் வசதி) வழியாக இரண்டாவது கெர்னல் எழும்புகிறது. அதன் புழக்கத்துக்கு நீங்கள் ஒதுக்கிய 128 எம்பி மட்டும்தான். மீதி ரேம் அதற்குச் சாட்சிப் பொருள் மாதிரி: படித்து டிஸ்க்கில் எழுதலாம், கை வைக்கக் கூடாது.

பூட் ஆகும்போதே இடம் பிடிப்பது ஏன் என்றால், விழுந்த கெர்னலின் மெமரிக் கணக்கை நம்ப முடியாது. நெட்வொர்க் கார்டு போன்றவை டிஎம்ஏ (சிபியு உதவியின்றி நேரே ரேமில் எழுதும் வழி) மூலம் பழைய முகவரிகளில் அப்போதும் எழுதிக்கொண்டிருக்கலாம். யாரும் தொடாத, தொடர்ச்சியான துண்டு வேண்டும். நெடுநேரம் ஓடிய மெஷினில் அது கிடைப்பது அரிது.

அந்த 128-ஐத் தின்பவை: கெர்னல், ரேமிலேயே விரியும் இனிட்ரேம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்துக்கான சிறு கோப்புத் தொகுப்பு), ரெய்டு மற்றும் நெட்வொர்க் டிரைவர்கள் பிடிக்கும் பஃபர்கள், டம்ப்பை வடிகட்டும் மேக்டம்ப்ஃபைல். 256எம் போட்டுப் பாருங்கள், பற்றாவிட்டால் 384எம்.

மாற்றும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் எழுதினாலும், கிரப்.டி அடைவிலுள்ள கேடம்ப்-டூல்ஸ்.சிஎஃப்ஜி தன் மதிப்பைப் பின்னால் ஒட்டிவிடும். ஒதுக்கீட்டைச் சொல்லும் ‘கிராஷ்கெர்னல்=’ பலமுறை வந்தால், கெர்னல் கடைசி மதிப்பையே எடுக்கும். ஆகவே அந்தக் கோப்பிலேயே திருத்தி, அப்டேட்-கிரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். பிறகு /சிஸ்/கெர்னல்/கேஎக்செக்_கிராஷ்_சைஸ் பாருங்கள்: 256 எம்பிக்கு 268435456 வர வேண்டும். 0 வந்தால் ஒதுக்கீடே நடக்கவில்லை. பக்கத்திலுள்ள கேஎக்செக்_கிராஷ்_லோடட் 1 காட்டாவிட்டால், இடம் இருக்கிறது, இரண்டாவது கெர்னல் ஏறவில்லை என்று பொருள்.

சோதிக்காமல் விடாதீர்கள். கடை அடைத்தபின் டேட்டாபேஸை நிறுத்தி, சிங்க் கொடுத்து (எழுதாமல் நிற்பவை டிஸ்க்குக்குப் போய்விடும்), ரூட்டாக மாறி /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் கோப்பில் எக்கோ கட்டளையால் ‘சி’ எழுதுங்கள். எக்கோ முன்னால் சூடோ போட்டால் வேலைக்காகாது. கோப்பில் எழுதச் சொல்லும் ‘>’ குறியைக் கையாள்வது உங்கள் ஷெல், அதற்கு ரூட் உரிமை இல்லை. மெஷின் உடனே விழும். ரீபூட் ஆனதும் /வார்/கிராஷில் தேதியிட்ட அடைவு இருந்தால் சரி. மேக்டம்ப்ஃபைலுக்கு ‘-டி 31’ கொடுத்தால் காலிப் பக்கங்கள், கேஷ், பயனர் நிரல்களின் பக்கங்கள் எல்லாம் கழிந்து டம்ப் பெரிதும் சுருங்கும்.

கேள்வி: ஐப்பசி இடி மழையில் கரண்ட் வந்து வந்து போகும்போது சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. சில நாள் அப்படியே உறைந்தும் நிற்கிறது. டம்ப் எதுவும் இல்லையே?
– வாசகி, குளச்சல்

பதில்: கரண்ட் போனால் பேனிக் ஆகக்கூட கெர்னலுக்கு நேரம் கிடைக்காது, அதற்கு யுபிஎஸ்தான். உறைவது வேறு கதை. சிபியு சிக்கி நின்றாலும் இயல்பாகப் பேனிக் ஆகாமல் போகலாம். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் கெர்னல்.ஹார்ட்லாக்அப்_பேனிக், கெர்னல்.சாஃப்ட்லாக்அப்_பேனிக் இரண்டையும் 1 ஆக்குங்கள், சிக்கியதும் பேனிக் ஆகி டம்ப் கிடைக்க வழி உண்டு.

கேள்வி: டிஸ்க் முழுவதும் லக்ஸ்2 (லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் முறை) என்கிரிப்ஷன். 256 எம்பி போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. பாஸ்வேர்டிலிருந்து திறவுகோலைக் கணக்கிடும் ஆர்கான்2 மட்டுமே 1 ஜிபி வரை கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கவும் ஆள் வேண்டும். அந்த டிஸ்க்கைத் திறக்காமலே இரண்டாவது கெர்னல் எழும்பும்படி அமைக்க முடிந்தால், டம்ப்பை நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச் அல்லது என்எஃப்எஸ் வழியாகப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பிவிடுங்கள்.