கண்வலிக்கிழங்கு வீட்டுப் பெண் மொகாலிக்குப் போகலாமா?

ஐயா, வணக்கம்.

மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கும் நீங்கள், பி.பார்ம். கடைசி வருஷத்தில் இருக்கும் மகள் பஞ்சாபில் இருக்கும் மொகாலிக்குப் போய் ‘நேச்சுரல் புராடக்ட்ஸ்’ எடுத்து மேலே படிக்கப்போகிறேன் என்றதும் கலங்கிப்போயிருக்கிறீர்கள். “செடி கொடியைப் படிக்கவா மொகாலி வரைக்கும் போகணும்? அதுக்குச் சித்த வைத்தியமே படிச்சிருக்கலாமேங்க” என்று கேட்டிருந்தீர்கள்.

சித்தா படித்தவர் நோயாளியைப் பார்ப்பார். உங்கள் மகள் பார்க்கப்போவது இலைக்கும் விதைக்கும் உள்ளே இருக்கும் வேதிப்பொருளை. பெயரில்தான் செடி, படிப்பு முக்கால்வாசி கெமிஸ்ட்ரி. அவளுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். பிடிக்காதென்றால் இந்தப் பேச்சே வேண்டாம். மூலிகைமேல் ஆசை இருக்கிறது என்பது மட்டும் போதாது.

உங்கள் காட்டு விதையையே எடுத்துக்கொள்வோம். ஏஜெண்ட் வந்து எடை போட்டு வாங்குவது விதையை. அதற்கு விலை கிடைப்பது உள்ளே இருக்கும் கோல்சிசினால். 1820இல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வேறொரு செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கௌட் என்கிற மூட்டுவலிக்கு அது மாத்திரை. அதே விதையில் இருக்கும் இன்னொரு பொருளிலிருந்துதான் தயோகோல்சிகோசைடு வருகிறது. முதுகுப் பிடிப்புக்கு உங்கள் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். 2023 ஜூனில், தினம் அரை மில்லிகிராம் கோல்சிசினை மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி தந்தார்கள். இருநூறு வருஷம் பழகிய சரக்குக்கு இப்போது ஒரு புது வேலை! அளவு மீறினால் அதுவே விஷம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த விதையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆகப்பார்க்கிறாள்.

ஆய்வகத்தில் நாள் எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த இலையைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள். அந்தச் சாற்றில் ஒரு பொட்டு, டிஎல்சி என்கிற சின்னத் தகட்டின் அடியில் வைத்து, கரைப்பானில் நிறுத்தினால், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்துக்கு ஏறி நிற்கும். வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிகிற இடம் புற ஊதா விளக்கின் கீழ் ரத்தச் சிவப்பாக எரியும். அது இலையின் பச்சையம். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நாற்பதாவது முறை கொட்டாவி விடுவார்கள். அதற்குப் பிறகும் நோட்டில் ஒழுங்காகக் குறித்துவைக்கிற பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு. காலையில் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, வழி என்ன? முதலில் ஜிபேட், அதாவது பார்மசி மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத்தேர்வு. அதில் தேறினால்தான் பி.பார்ம். பிள்ளைகள் நைப்பர் என்கிற மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனத்துக்கான நுழைவுத்தேர்வு எழுத முடியும். நைப்பருக்கு நாட்டில் ஏழு வளாகங்கள். எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு இல்லை, மொகாலியில் இருக்கிறது. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். வெளியூர் வேண்டாமென்றால் எம்.பார்ம். பார்மகாக்னசி, அதாவது மூலிகை மருந்துப் பொருள்களைப் பற்றிய படிப்பு இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியிலும் ஊட்டி ஜேஎஸ்எஸ்ஸிலும் உண்டு.

எங்கே சேர்த்தாலும் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். நான் முன்பு அனுப்பிய ஒரு மாணவன் கல்லூரி விளம்பரத்தில் எச்பிஎல்சி என்கிற, சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியின் படத்தைப் பார்த்து மயங்கிச் சேர்ந்தான். கருவி இருந்தது, உறை போட்டு, பூட்டின அறையில். இரண்டு வருஷமும் அவன் மாதிரிகள் காசு கட்டி வெளியே போய்த்தான் வந்தன. தப்பு என்னுடையதும்தான், நான் விசாரித்திருக்க வேண்டும். கடைசியாக அந்த மெஷின் எப்போது ஓடியது என்று சீனியர்களிடம் கேளுங்கள். ஆசிரியர்களைக் கேட்காதீர்கள்.

வேலை விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பார்மசூட்டிக்ஸ், அனாலிசிஸ் பிள்ளைகளைத்தான் முதலில் தேடும். இவளுக்கான கதவுகள் வேறு: பெங்களூரில் ஹிமாலயா, சாமி-சபின்சா (முன்பு சாமி லேப்ஸ்) மாதிரி மூலிகைச் சாறு தயாரிப்பவர்கள், கேரளத்தில் நறுமணப்பொருள் சாறு எடுக்கும் தொழிற்சாலைகள், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள். லக்னோவில் சிமாப், சிடிஆர்ஐ போன்ற மத்திய ஆய்வு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும். முதல் சம்பளத்தைப் பக்கத்து வீட்டு ஐடி பையனோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். அரசின் மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) வேலைக்கு பி.பார்ம். பட்டம் எப்படியும் கைகொடுக்கும், அதற்கும் தனியாகப் படிக்கட்டும்.

வெளிநாடு பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். காட்டை அடமானம் வைத்து ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு அனுப்பாதீர்கள். இங்கே முடித்துவிட்டு, உதவித்தொகையோடு பிஎச்.டி. கிடைத்தால் போகட்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். கடைசி செமஸ்டரில் அவளுக்கு புராஜெக்ட் வரும். இந்த வருஷ விதையில் ஒரு கைப்பிடியை, எந்த வயல், என்றைக்குப் பறித்தது என்று சீட்டெழுதிக் கொடுத்தனுப்புங்கள். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் விதையில் என்ன இருக்கிறது என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் மொகாலியைப் பற்றிப் பேசலாம். ஜிபேட் விண்ணப்பத்தை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.